குதிரை வாங்கும் முன்...

கேள்வி: அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் குதிரை வாங்கலாம் என்றிருக்கிறேன். முதலில் எதைக் கற்றுக்கொள்வது?

பதில்: சவாரியை அப்புறம் பார்க்கலாம், முதலில் அதன் வயிற்றைப் படியுங்கள். குதிரை மாடு மாதிரி அசைபோடாது, வாந்தியும் எடுக்க முடியாது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை சின்னது என்பதால் கொள்ளையும் தவிட்டையும் ஒரே வேளையில் கொட்டினால் வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 400 கிலோ குதிரைக்குத் தினமும் 6 முதல் 8 கிலோ உலர்புல், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. முன்னங்காலால் தரையைக் கீறிக்கொண்டு, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, லத்தியும் போடாமல் நின்றால் கைவைத்தியம் எல்லாம் வேண்டாம், உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். குளம்பை 6–8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். லாடம் அடிப்பவர் பக்கத்து ஊரிலாவது இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள், சரியா?