குப்பை வண்டி இசைக்கும் ஊர்: தைவான் வாழ்க்கை, கேள்வி பதில்

தைவானுக்கு ஆராய்ச்சிக்காக வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் நான்கு ஆண்டுகள் சின்சூ நகரம், பிறகு தலைநகர் தைபே. இங்கு வரும் தமிழர்களில் நிறையப் பேர் என்னைப் போல முனைவர் பட்டத்துக்கோ அதற்கு மேலான ஆய்வுக்கோ வருபவர்கள். விசாவும் உதவித்தொகையும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. அவர்கள் சொல்லாதவற்றைக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி குப்பையைப் பற்றியவை. எதிர்பார்த்ததுதான்.

கேள்வி (கோவை): அக்கா, அடுத்த மாதம் தைபே வருகிறேன். வீட்டுக்காரர் அனுப்பிய குறிப்பில் "மாலை 7.20, குப்பை" என்று மட்டும் இருக்கிறது. அந்த நேரத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?

பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓட வேண்டும். வீட்டுக் குப்பையைத் தெருவில் வைத்துவிட்டு வர முடியாது. குப்பை தரையைத் தொடக் கூடாது என்பது இவர்கள் கொள்கை. நம் கையிலிருந்து நேராக வண்டிக்குள் போக வேண்டும். மஞ்சள் வண்டி பீத்தோவனின் பியானோ மெட்டு ஒன்றை ஒலித்தபடி வரும். முதல் வாரம் ஐஸ்கிரீம் வண்டி என்று நினைத்துச் சில்லறையோடு இறங்கியவள் நான்.

தைபேயில் 2000 ஜூலையிலிருந்து நகராட்சியின் நீலப் பையில் கட்டிய குப்பையைத்தான் எடுப்பார்கள். பையின் கொள்ளளவுக்கு ஏற்ப விலை. மறுசுழற்சிப் பொருள்களுக்குக் கட்டணம் கிடையாது, அவற்றைப் பின்னால் வரும் வண்டியில் கொடுக்கலாம். ஆகவே பிரிக்கப் பிரிக்க நீலப் பை சிறுக்கும், காசு மிச்சமாகும். திங்களும் வெள்ளியும் தாள், பழைய துணி போன்ற தட்டையானவை. செவ்வாய், வியாழன், சனி புட்டி, டப்பா வகைகள். புதனும் ஞாயிறும் வண்டியே வராது. செவ்வாய்க்கிழமை மீன் சமைத்துவிட்டு வண்டியைத் தவறவிட்டால் வியாழன் வரை செதிலோடு குடித்தனம். அதற்கு இவ்வூர்க்காரர்கள் கண்ட வழி, மிச்சத்தைக் கட்டி ஃப்ரீசரில் வைப்பது. நானும் வைக்கிறேன். வீட்டுக்கு வரும் உறவினரிடம் மட்டும் சொல்வதில்லை.

வண்டிக்குக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தைத் தலையெழுத்தே என்று கழிக்காதீர்கள். எனக்குத் தெரிந்த தைவான் மொழி முழுவதும் அந்தத் தெருமுனையில் கற்றது. முதலில் கற்றது "ஜியா பா வே?" அதாவது, சாப்பிட்டாயா? நம் ஊரைப் போலவே அது கேள்வி அல்ல, வணக்கம். ஒருநாள் நாலாம் எண் வீட்டுப் பாட்டி என் பையை வாங்கி, முடிச்சை அவிழ்த்து, உள்ளே கிடந்த தயிர் டப்பாவை எல்லார் முன்னாலும் எடுத்துக் காட்டினார். கழுவிக் கொண்டு வா என்று திட்டு வேறு. மானம் போயிற்று. மறுநாள் அதே பாட்டி கொய்யாப்பழம் நாலு கொண்டு வந்து கையில் திணித்தார். என் தெருவில் எனக்குக் கிடைத்த முதல் உறவு அவர்தான்.

கேள்வி (தஞ்சாவூர்): தேங்காய்ச் சிரட்டையும் மாங்கொட்டையும் உரக் குப்பையில் சேருமா?

சேராது. கெட்டியானவை எல்லாம் நீலப் பைக்கு. வெந்த மிச்சம் பன்றித் தீவனத்துக்கும் பச்சைத் தோல் உரத்துக்கும் என்று இரண்டு வாளி வைப்பது நெடுநாள் வழக்கம். 2025 அக்டோபரில் தைச்சுங்கில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டதும், மிச்சத்தைப் பன்றிக்குக் கொடுக்கத் தடை வந்தது. உங்கள் தெருவில் இப்போது எப்படி வாங்குகிறார்கள் என்று வண்டிக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (மதுரை): நான் சுத்த சைவம். பட்டினி கிடக்க நேருமா?

எடை கூடித்தான் ஊர் திரும்புவீர்கள். பௌத்தர்கள் நிறைந்த நாடு. சைவக் கடைப் பலகையில் பெரும்பாலும் நம் ஸ்வஸ்திகம் போன்ற ஒரு சின்னம் இருக்கும். "வோ ச்சி சூ" என்றால் நான் சைவம் என்று பொருள், அது போதும். தட்டில் கோழித் துண்டு போல ஒன்று வந்தால் பதறாதீர்கள், சோயாவிலோ கோதுமையிலோ செய்தது. வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது: மரபான சைவக் கடையில் வெங்காயமும் பூண்டும் கிடையாது. விரதச் சமையல் பழகியவர்களுக்கு ஒன்றுமில்லை, என்னைப் போல பூண்டுக் குழம்பில் வளர்ந்தவர்களுக்குச் சோதனை. பொட்டலம் வாங்கும்போதும் கவனியுங்கள், முட்டை சேர்ந்த சைவம், பால் சேர்ந்த சைவம், வெங்காயம் பூண்டு சேர்ந்த சைவம் என்று தனித்தனியாக அச்சிட்டிருப்பார்கள்.

கேள்வி (சென்னை): எவர்சில்வர் தம்ளரோடு தேநீர்க் கடைக்குப் போனால் சிரிப்பார்களா?

சிரிக்க மாட்டார்கள், விலையைக் குறைப்பார்கள். சொந்தக் குவளை கொண்டு வருபவருக்குத் தொடர் கடைகள் குறைந்தது 5 தைவான் டாலர் தள்ளுபடி தர வேண்டும் என்று 2022இல் விதி வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தைபே பானக் கடைகளில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் குவளைக்குத் தடையும் வந்தது. மெட்ரோ நிலையங்களில் குடிநீர் இயந்திரம் உண்டு, புட்டியை நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் டிக்கெட் வாயிலைத் தாண்டியபின் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அபராதம் 1,500இல் தொடங்கி 7,500 வரை.

கேள்வி (திருநெல்வேலி): ஆய்வகத் தோழிக்குக் கல்யாணம். மொய் எவ்வளவு வைக்க வேண்டும்?

இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். 2,501 வைத்தேன். ஒரு ரூபாய் சேர்த்து வைப்பது நமக்கு மங்கலம். இங்கே ஒற்றைப்படைத் தொகை சாவு வீட்டுக்கு உரியது, அதுவும் வெள்ளை உறையில். கல்யாணத்துக்குச் சிவப்பு உறை, இரட்டைப்படைத் தொகை, நான்கு என்ற எண்ணைத் தவிர்த்து. நான்கின் ஒலி சாவு என்ற சொல்லின் ஒலியை ஒட்டியது. மணப்பெண் வாசலில் என் உறையிலிருந்து அந்த ஒற்றை டாலர் நாணயத்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, மீதி 2,500உடன் சேர்க்க இன்னொரு நூறு கேட்டாள். 2,600 ஆக்கித் தந்தேன். அதே காரணத்தால் கடிகாரமும் குடையும் பரிசாகக் கொடுக்காதீர்கள்: முன்னது இறுதிக் கடன் போல ஒலிக்கும், பின்னது பிரிவு போல. பழக்கூடை எப்போதும் சரி.

கேள்வி (ஈரோடு): அப்பா அம்மா பத்து நாள் வருகிறார்கள். வாடகைக் கார் இல்லாமல் சுற்ற முடியுமா?

காரே வேண்டாம். தைபே, புதிய தைபே, கீலுங், தாவ்யுவானுக்குள் 1,200 டாலரில் 30 நாள் பயணச்சீட்டு உண்டு. பத்து நாளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். நான் கட்டாயம் என்பது அலிஷான் மலை ரயில். ஜியாயி ஊரில் 30 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,216 மீட்டர் வரை 71.4 கிலோமீட்டர் ஏறும். ஜப்பானியர் ஆட்சியில் மரம் இறக்கப் போட்ட பாதை. ஊட்டி ரயில் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுகிறது. இதற்குப் பல்சக்கரம் இல்லை. ஒரே குன்றைத் திருகாணி போலச் சுற்றிச் சுற்றி ஏறி, பிறகு முன்னும் பின்னுமாக இழுத்து மேலே போகும். கீழே விட்டு வந்த அதே ஊர் மறுபடி மறுபடி ஜன்னலில் தெரியும், ஒவ்வொரு முறையும் சிறிதாகி. 2009 புயலில் சிதைந்து, 2024 ஜூலையில்தான் பாதை முழுதும் திறந்தது. தாரோகோ பள்ளத்தாக்கு 2024 ஏப்ரல் நிலநடுக்கத்தில் பெருஞ்சேதம் அடைந்தது. பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி (சேலம்): சைக்கிளில் தீவைச் சுற்றலாமாமே?

சுமார் 970 கிலோமீட்டர். வழியில் பல காவல் நிலையங்களில் காற்றடிக்கும் பம்பும் குடிநீரும் கிடைக்கும். நான் பாதியில் ரயில் ஏறிவிட்டேன், மேலே கேட்காதீர்கள்.

கேள்வி (காரைக்குடி): உள்ளூர் மக்களோடு நெருங்க ஒரே ஒரு வழி சொல்லுங்கள்.

மாட்சு அம்மன் யாத்திரை. கடல் தெய்வம். சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதத்தில் தாஜியா கோயிலிலிருந்து பல்லக்கு புறப்பட்டு, சின்காங் வரை போய்த் திரும்பும். ஒன்பது நாள், 300 கிலோமீட்டருக்கு மேல். காரைக்குடிக்காரருக்குப் பழனி நடைப்பயணத்தை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வழியெங்கும் பந்தல் போட்டுக் கஞ்சி, பழம், தேநீர் என்று இலவசமாகத் தருவார்கள். வேண்டாம் என்றால் பைக்குள் போட்டுவிடுவார்கள். பல்லக்கு தங்களைத் தாண்டிப் போக வேண்டுமென்று சாலையில் வரிசையாகக் குப்புறப் படுப்பார்கள். நான் ஒரே ஒரு நாள் நடந்தேன், தட்டும் தம்ளரும் கையோடு கொண்டு போனேன். இரவில் ஒரு இரும்புக் கடைக்காரர் குடும்பம் கடைக்குள் பாய் விரித்துத் தந்தது. என் பெயரைக்கூட அவர்கள் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் மூன்று முறை கேட்டார்கள்.

கேள்வி (நாகர்கோவில்): ஊரிலிருந்து என்ன எடுத்து வரலாம்? அம்மா வடாம் கட்டி வைத்திருக்கிறார்.

இறைச்சிப் பொருள் எதுவும் வேண்டாம். பன்றி இறைச்சி பிடிபட்டால் முதல் முறையே 2 லட்சம் தைவான் டாலர் அபராதம் வரும். கறிவேப்பிலைக் கொத்துக்கும் சான்றிதழ் கேட்பார்கள். வடாம் தாராளமாகக் கொண்டு வாருங்கள், ஆனால் காற்றுப் புகாத டப்பாவில். தைபே ஈரத்தில் என் தோல் பெல்ட்டே பூஞ்சை பூத்தது. இங்கேயே போட நினைத்தால் சின்சூவில் தோழி யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள்: அங்கே இலையுதிர் காலத்தில் அடிக்கும் காற்றில்தான் அரிசி சேமியாவும் சீமைப் பனிச்சம் பழமும் காய வைக்கிறார்கள். அங்கே ஒரு மொட்டைமாடியில் நான் போட்ட கூழ் வடாம் இரண்டே நாளில் சலசலத்தது.