இயற்கைக் காட்சி வரைபவர்கள் ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்து என்ன செய்வார்கள்? பருவம் மாறினால் வேலையும் மாறுமா?

நீங்கள் வரைய ஆரம்பித்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். "வெளியே போய் வரையாதவன் இயற்கை ஓவியனே இல்லை" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். என்னிடம் 22 வருடமாகச் சொல்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதில்.

வெளியே போகிறேன். சின்ன அட்டையில் எண்ணெய் வண்ணக் குறிப்பு எடுக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் நிழல் நகர்ந்து, ஒரே படத்தில் இரண்டு வெயில் வந்துவிடும். அட்டையின் பின்னால் நேரம், காற்று, மேகம் போன திசை எல்லாம் எழுதிவைப்பேன். ஆங்கிலேய இயற்கைக் காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822-இல் வரைந்த மேகப் படங்களின் பின்னாலும் இப்படிக் குறிப்புகள் உண்டு. அவருடைய புகழ்பெற்ற 'தி ஹே வெய்ன்' படம் ஆற்றங்கரையில் வரைந்ததல்ல. அவருடைய சொந்தப் பகுதியான சஃபோக்கில் எடுத்த குறிப்புகளை வைத்து லண்டன் ஸ்டுடியோவில் வரைந்தது. பிரெஞ்சு ஓவியர் மொனே, ருவான் நகரத் தேவாலயத்தை 1892-லும் 1893-லும் நேரில் பார்த்து வரைந்தார், ஆனால் அந்தப் படங்களை முடித்தது வீட்டு ஸ்டுடியோவில்தான். புகைப்படமே தொடாதவன் என்று நான் சொல்லவில்லை. மரக்கிளை எங்கே பிரிகிறது என்று அதில் பார்ப்பேன். நிறத்துக்கு மட்டும் நம்ப மாட்டேன், நிழலெல்லாம் கறுப்பாகிவிடும்.

சரி, பருவம். எண்ணெய் வண்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. வெப்பமும் வெளிச்சமும் இருந்தால் சீக்கிரம், குளிரிலும் இருட்டிலும் மெதுவாக. கோடையில் இரண்டு நாளில் அடுத்த பூச்சு போடும் இடத்துக்கு மழைக்காலத்தில் ஒரு வாரம் காத்திருக்கிறேன். அதிலும் அம்பர் என்கிற மண் பழுப்பு சீக்கிரம் காயும், ஐவரி கறுப்பு இழுத்தடிக்கும். ஈரத்தில் கேன்வாஸ் தொய்ந்தால் சட்டத்தின் மூலை ஆப்பைத் தட்டி இறுக்குவேன். பலமாக அடிக்கக் கூடாது. காற்று உலர்ந்ததும் அது தானாகவே விறைத்துக்கொள்ளும்.

ஒரு மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். விடியற்கால வயல், நாலடி அகலம், தேதி சொல்லி வாங்கிய வேலை. பத்து நாள் சூரியனே இல்லை. ராத்திரியில் சாதாரண மஞ்சள் பல்பின் கீழ் வானத்தை வரைந்தேன். அந்த வெளிச்சத்தில் நீலம் செத்துக் கிடந்தது. போதவில்லை, போதவில்லை என்று அல்ட்ராமரைன் நீலத்தைச் சேர்த்துக்கொண்டே போனேன். மழை விட்ட காலையில் ஜன்னலோரம் தூக்கி வைத்துப் பார்த்தால், பொன்னிற வயலுக்கு மேல் விறைத்துப்போன நீல வானம். இரண்டும் வேறு வேறு நாள். பதறிப்போய் மேலே மெல்லிய மஞ்சள் பூச்சு கொடுத்தேன். தேதி நெருங்கியதால் அது காய்வதற்குள் வார்னிஷும் அடித்தேன், அந்த ஈரக் காற்றிலேயே. மறுநாள் படம் முழுக்க பால் பூத்த மாதிரி வெண்படலம். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவசரம் என் தவறு, மறுக்கவில்லை. ஆனால் ஆறு மாதமாவது காயவேண்டிய பொருளுக்கு ஆறு வாரம் கொடுக்கிறவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வருகிறது. இப்போது கண்காட்சித் தேர்வுக்குப் படத்தைக் கொண்டுவரச் சொல்வதே இல்லை, போனில் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். நாலடிப் படத்தை உள்ளங்கை அளவில் பார்த்து வேண்டாம் என்கிறார்கள். மூன்று பருவம் மாறி மாறிப் போட்ட பூச்சு அதில் எப்படித் தெரியும்? அடர்த்தியான நிறத்தில் வரைபவர்கள்தான் தேர்வாகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பார்க்கிற விதத்தின் மேல்தான்.

அப்புறம் நான் விளக்கை மாற்றிவிட்டேன். பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமான, நிறத்தைச் சரியாகக் காட்டும் எல்இடி. அப்படியும் வானத்தைப் பகலில்தான் தொடுகிறேன். ராத்திரி சட்டம் கட்டுவது, கேன்வாஸுக்கு அடிப்பூச்சு போடுவது, பழைய அட்டைகளைப் பிரித்து அடுக்குவது.

இங்கே இப்போதும் மழைதான். படம் வைத்து வரையும் தாங்கியில் இருப்பது போன கோடையில் எடுத்த குறிப்பு. அட்டையின் பின்னால் "காலை 6.40, காற்று இல்லை, தூரத்து மரங்கள் ஊதா" என்று இருக்கிறது. அந்த ஊதாவைத்தான் நான்கு நாளாகக் கலந்துகொண்டிருக்கிறேன்.