கேதார்கந்தா: முதல் சிகரம் ஏறப்போகிறவர்களின் கேள்விகள்

உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில், கோவிந்த் பசு விஹார் தேசியப் பூங்காவுக்குள், ஏறத்தாழ 12,500 அடி உயரத்தில் நிற்கிறது கேதார்கந்தா சிகரம். பனிக்காலம், வசந்தம், இலையுதிர்காலம் என மூன்று பருவங்களிலுமாக ஆறு முறை அங்கே சென்று வந்தவன் என்ற முறையில், இமயத்தில் முதன்முறையாக ஏற விரும்பும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தவை வழியும் நடையும் காட்சியும்தான். கட்டணம், நிறுவனங்களின் தரம் ஆகியவற்றைப் பற்றிக் கருத்துச் சொல்ல நான் ஏற்றவன் அல்லன்.

கேள்வி (கோயம்புத்தூர்): வெள்ளியங்கிரி ஏழு மலையையும் மூன்று முறை ஏறியிருக்கிறேன். கேதார்கந்தா அதைவிடக் கடினமா, ஐயா?

கால்களுக்கு மட்டும் என்றால், ஒரே இரவில் வெள்ளியங்கிரி ஏறி இறங்குவது கேதார்கந்தாவின் எந்த ஒரு நாள் நடையையும்விடக் கடுமையானது. ஆகவே உங்கள் கால்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வேறுபாடு உயரத்திலும் குளிரிலும் இருக்கிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். கேதார்கந்தா வழியில் முதல் இரவு தங்கும் ஜூடா கா தாலாப் என்ற குளமே ஏறத்தாழ 2,770 மீட்டரில் இருக்கிறது. அதாவது முதல் நாள் மாலையிலேயே, தென்னாட்டின் எந்த மலையிலும் நீங்கள் நின்றிராத உயரத்துக்கு வந்துவிடுகிறீர்கள். சிகரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அங்கே வேகமாக நடப்பவரைவிட, பேசிக்கொண்டே நடக்கக்கூடிய அளவுக்கு மெதுவாக நடப்பவரே நல்ல நிலையில் மேலே சேர்கிறார். வெள்ளியங்கிரியில் பழகிய வேகத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி (திருச்சி): நான்கு நாள் நடையில் என்னென்ன காட்சிகளைத் தவறவிடக்கூடாது? எல்லோரும் சிகரத்தின் படத்தை மட்டுமே போடுகிறார்கள்.

இந்தக் கேள்விக்காகவே இங்கே எழுதச் சம்மதித்தேன்.

காட்சி டேராடூனிலிருந்து, நடை தொடங்கும் ஊரான சாங்க்ரிக்குச் செல்லும் சாலையிலேயே தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு, எட்டு முதல் பத்து மணி நேரப் பயணம். புரோலாவைக் கடந்து மோரியை அடையும்போது டோன்ஸ் ஆறு உடன் வரத் தொடங்கும். யமுனையின் துணையாறு என்று ஏடுகள் சொன்னாலும், இரண்டும் கூடும் இடத்தில் டோன்ஸ் யமுனையைவிட அதிகத் தண்ணீரைக் கொண்டுவருகிறது. நைட்வாரில், ரூபின், சூபின் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து டோன்ஸ் ஆகும் இடத்தில், வண்டியை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள்.

சாங்க்ரி 6,400 அடி உயரத்தில் இருக்கிறது. கல்லும் தேவதாரு மரமும் அடுக்கிக் கட்டிய பழைய வீடுகளை அந்தப் பகுதிக் கிராமங்களில் இன்றும் காணலாம். சாங்க்ரியிலிருந்து புறப்பட்ட ஒரு மணி நேரத்தில் காடு உங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதலில் பைனும் தேவதாருவும், மேலே போகப்போகக் கருவாலி மரங்களும் மேப்பிளும், இடையிடையே புராண்ஸ் மரங்களும் வரும். புராண்ஸ் உத்தராகண்டின் மாநில மரம். மார்ச் இறுதி முதல் ஏப்ரல் வரை அது சிவப்பாகப் பூத்து நிற்கும்போது, கீழே பூவும் மேல் சரிவில் பனியும் ஒரே பார்வையில் கிடைக்கும். என் ஆறு பயணங்களில் அந்த ஏப்ரல் பயணத்தைத்தான் முதலிடத்தில் வைப்பேன்.

பிறகு ஜூடா கா தாலாப். சிவபெருமான் தம் சடையை அவிழ்த்தபோது சிந்திய நீரால் உண்டானது என்று ஊரார் சொல்லும் சிறு குளம். குளத்தைச் சுற்றி மரங்கள் நெருங்கி நிற்பதால், காற்று இல்லாத காலையில் தண்ணீரில் இன்னொரு காடு தலைகீழாகத் தெரியும். கடும் பனிக்காலத்தில் நீர் உறைந்துவிடும். உறைந்த குளத்தின்மீது நடந்து படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பனிக்கட்டியின் தடிப்பு கரையிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதால், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நான் மிகவும் நேசிக்கும் பகுதி இதற்கும் மேலே, இரண்டாம் நாள் நடையில் இருக்கிறது. அடர்ந்த கருவாலிக் காட்டுக்குள் மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மரங்கள் விலகி, புக்யால் என்று அவர்கள் அழைக்கும் புல்வெளி திறக்கும். நடுவில் கோடையில் ஆட்டிடையர் தங்கும் கல்குடில் ஒன்று, எதிரே வானத்தின் பாதியை அடைத்துக்கொண்டு ஸ்வர்கரோகிணி என்ற பனிமலை. மீண்டும் காடு, மீண்டும் வெளி. இருட்டிலிருந்து ஒளிக்கு வரும் இந்த அனுபவம் அன்று மூன்று நான்கு முறை நிகழும். ஒவ்வொரு வெளியிலும் பத்து நிமிடமாவது உட்காருங்கள். முகாமுக்கு முதலில் போய்ச் சேர்வதில் எந்தப் பயனும் இல்லை.

கேள்வி (சேலம்): டிசம்பர் முதல் வாரத்தில் பனி இருக்குமா?

உறுதி இல்லை. சில ஆண்டுகளில் சிகரத்தின் நிழல் சரிவுகளில் மட்டுமே இருக்கும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பெரும்பாலும் நல்ல பனி கிடைக்கும். மேல் சரிவுகளில் ஏப்ரல் தொடக்கம் வரைகூட எஞ்சியிருக்கும்.

கேள்வி (மதுரை): ஜீன்ஸ், பருத்திச் சட்டை, மேலே ஒரு தடித்த ஜாக்கெட் போதுமா?

போதாது. பருத்தி வியர்வையையும் பனியையும் குடித்துக்கொண்டு காயாமல் உடலோடு ஒட்டி நிற்கும். நடை நின்ற ஐந்தாவது நிமிடத்தில் குளிர் எலும்புக்குள் இறங்கும். பனிக்கால இரவில் முகாமில் வெப்பம் சுழியத்துக்கு வெகு கீழே போய்விடும் என்பதால், ஈரமான துணி அங்கே வெறும் அசௌகரியம் அல்ல, ஆபத்து. உள்ளே தெர்மல், நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் ஜாக்கெட் என்று மூன்று அடுக்காக அணியுங்கள். ஷூவைக் குறைந்தது ஒரு மாதம் ஊரில் போட்டு நடந்து பழக்குங்கள். புதிய ஷூவோடு வந்த ஒருவர் கொப்புளத்தால் இரண்டாம் நாளே திரும்பியதைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி (சென்னை): சிகரத்தில் சூரிய உதயம் பார்ப்பதுதான் இந்தப் பயணத்தின் உச்சம் என்கிறார்கள். அதிகாலை எத்தனை மணிக்குப் புறப்பட்டால் முதல் பொன்னொளி ஸ்வர்கரோகிணியின் மேல் விழுவதைப் பார்க்கலாம்?

எத்தனை மணிக்குப் புறப்பட்டாலும் அதைப் பார்க்க முடியாது. ஸ்வர்கரோகிணி, பந்தர்பூஞ்ச், காளா நாக் ஆகிய மூன்று சிகரங்களுமே கேதார்கந்தாவுக்குக் கிழக்கே இருக்கின்றன. காலையில் சூரியன் அவற்றின் பின்புறத்திலிருந்தோ, பனிக்காலமாக இருந்தால் அவற்றுக்கு வலப்பக்கத்தில் தென்கிழக்கிலிருந்தோ எழுகிறது. ஆகவே உதய வேளையில் நம்மை நோக்கிய முகங்கள் நிழலில்தான் இருக்கும். கரிய கோட்டுருவமாகவே அவை தெரியும். அதுவும் அழகுதான். ஆனால் பொன்னொளி அந்த மலைகளின் மேற்கு முகத்தில் விழுவது மாலையில். சிகரத்துக்குக் கீழே, 11,250 அடி உயரத்தில் உள்ள முகாமை ஒட்டிய திறந்தவெளியில் இரண்டாம் நாள் மாலை நின்றால், பனி முதலில் மஞ்சளாகி, பிறகு செம்மையாகி, கடைசியில் சாம்பல் நீலத்தில் அடங்குவதைக் காணலாம். அந்த நேரத்தில் பெரும்பாலோர் கூடாரத்துக்குள் படுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம் தருகிறது.

கேள்வி (பெங்களூரு): மன்னிக்க வேண்டும், இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நானும் இரண்டு முறை ஏறியவன். மாலையில் மேகம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. காலையில்தான் வானம் தெளிவாக இருக்கிறது. உதயத்தை விட்டுவிடச் சொல்வது புதியவர்களை ஏமாற்றாதா?

மேகத்தைப் பற்றி நீங்கள் சொல்வது வசந்தத்துக்கு முழுவதும் பொருந்தும். ஏப்ரல், மே மாதங்களில் நண்பகலுக்குப் பிறகு மேகம் திரள்வது வழக்கம். அக்டோபர், நவம்பரில் மாலைகள் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், பனிக்காலத்தில் ஒரு பனிப்பொழிவு ஓய்ந்த மறுநாள் மாலையும் அப்படியே. நீங்கள் இரண்டு முறையும் எந்த மாதத்தில் சென்றீர்கள்?

உதயத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சிகரத்தில் உதய வேளையில் கிழக்கை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள் என்கிறேன். முதுகைத் திருப்பி மேற்கையும் வடக்கையும் பாருங்கள். ஹிமாசலப் பக்கத்து மலைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளி பெறுவதும், நீங்கள் நிற்கும் சிகரத்தின் நிழல் முக்கோணமாக மேற்கே நீண்டு கிடப்பதும் அந்தப் பக்கத்தில்தான்.

கேள்வி (பெங்களூரு, மீண்டும்): இரண்டு முறையும் ஏப்ரல். நிழலை நான் கவனித்ததில்லை. ஆனால் உதயம் முக்கியம் இல்லையென்றால், எல்லாக் குழுக்களும் அதிகாலை மூன்று மணிக்கே எழுப்புவது எதற்கு?

நல்ல கேள்வி. அந்தப் புறப்பாட்டின் முதல் காரணம் காட்சி அல்ல, பாதுகாப்பு. இரவுக் குளிரில் இறுகிய பனி அதிகாலையில் கால் வைக்க உறுதியாக இருக்கிறது. வெயில் ஏறியதும் அது இளகி, முழங்கால்வரை புதையத் தொடங்கும், இறங்கும்போது வழுக்கும். பகல் ஏற ஏறக் காற்றும் மேகமும் கூடக்கூடும். இந்தக் காரணங்களால் முன்பகலுக்குள் சிகரத்திலிருந்து இறங்கிவிட வேண்டும். உதயம் அந்த ஒழுங்கோடு சேர்ந்து கிடைக்கும் கொடை. டிசம்பர் இறுதியில் அங்கே சூரியன் எழ ஏழு மணி ஆகிவிடும் என்பதால், மிக முன்னதாகப் போய்ச் சேர்ந்தவர்கள் காற்றடிக்கும் உச்சியில் நடுங்கிக்கொண்டு காத்திருக்க நேரும். வழிகாட்டி இசைந்தால், நெரிசல் நாட்களில் சற்றுப் பிந்திப் புறப்படுவதே நல்லது. கடைசிச் சரிவு செங்குத்தானது. அங்கே இருட்டில் வரிசையில் நின்று தள்ளாடுவதைவிட, வெளிச்சத்தில் நிதானமாக ஏறுவது முதன்முறை வருபவருக்கு ஏற்றது.

கேள்வி (ஈரோடு): பிப்ரவரி கடைசியில் பனி இருக்குமா?

சேலம் நண்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): அந்த மூன்று சிகரங்களைப் பற்றியும், கேதார்கந்தா என்ற பெயரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள், ஐயா.

ஸ்வர்கரோகிணி என்பது பல உச்சிகள் கொண்ட ஒரு மலைத்தொகுதி. அதன் முதன்மை உச்சி 6,252 மீட்டர். பாண்டவர்கள் இறுதிப் பயணத்தில் சொர்க்கத்துக்கு ஏறிய வழி அதுவே என்பது மரபு. பந்தர்பூஞ்ச் என்றால் குரங்கின் வால். அனுமனோடு சேர்த்துச் சொல்லப்படுவது, உயரம் 6,316 மீட்டர். யமுனை பிறப்பது அந்த மலையில்தான். 1950-இல் அதன் உச்சியை முதலில் அடைந்த குழுவில் டென்சிங் நோர்கே இருந்தார்; எவரெஸ்டில் அவர் கால் வைப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. காளா நாக், அதாவது கருநாகம், 6,387 மீட்டரோடு மூன்றில் உயர்ந்தது.

கந்தா என்பதைக் கழுத்து என்று பொருள் கொள்கிறார்கள். சிவபெருமான் முதலில் இங்கேதான் தவத்தில் அமர்ந்தார், மாட்டு மணியின் ஓசை தவத்தைக் கலைத்ததால் எழுந்து கேதாரநாத்துக்குப் போய்விட்டார் என்று சாங்க்ரிப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எழும்பிய கோயில் கழுத்தளவோடு நின்றது என்று முடிப்பவர்களும் உண்டு. உச்சியில் கற்களை அடுக்கிய சிறு வழிபாட்டிடமும் திரிசூலமும் இருக்கின்றன. அது ஊராருடைய தெய்வத்தின் இடம் என்பதை நினைவில் வைத்து, அதன்மேல் ஏறி நின்று படம் எடுப்பதைத் தவிருங்கள்.

கேள்வி (வேலூர்): மொத்தம் எவ்வளவு செலவாகும்? எந்த நிறுவனம் நல்லது?

அண்மையில் சென்று வந்த வேறு ஒருவரைக் கேளுங்கள். நான் சொல்லக்கூடியது ஒன்று: புரோலாவிலேயே தேவையான பணத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): உயரத்தால் தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறலாமா?

தலைவலி, குமட்டல், பசியின்மை, தள்ளாட்டம் இவற்றில் எது வந்தாலும் முதல் வேலை, வழிகாட்டியிடம் சொல்வது. குழுவுக்குச் சுமையாகிவிடுவோமோ என்ற கூச்சத்தில் மறைப்பவர்கள்தான் இரவில் மோசமடைகிறார்கள். வலிநிவாரணி அறிகுறியை மறைக்குமே தவிர, உயரத்துக்கு உடலைப் பழக்காது. உயர நோயைத் தடுக்கக் கொடுக்கப்படும் அசெட்டசோலமைடு என்ற மருந்தைப் பற்றிப் புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அறிகுறி கூடினால் இறங்குவதே மருத்துவம்.

கேள்வி (கரூர்): ஜனவரியில் போகிறோம், பனி இருக்குமா? ட்ராக் பேண்ட் பருத்திதான், பரவாயில்லையா?

பனிக்கு முன்பே பதில் எழுதிவிட்டேன். பருத்திக்கும் எழுதிவிட்டேன், ஆனாலும் இதை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்: பருத்தி வேண்டாம். சாக்ஸ்கூட வேண்டாம். கம்பளி சாக்ஸ் இரண்டு இணை, உறங்குவதற்கென்று ஒருபோதும் நனையாத மூன்றாவது இணை. ஜனவரி என்பதால், பனி ஷூவுக்குள் போகாமல் காக்கும் கெய்ட்டரும், வழுக்காமலிருக்க ஷூவின் அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக்கும் உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும்.

கேள்வி (புதுச்சேரி): என் அம்மாவுக்கு 61 வயது. தினமும் நடப்பவர். சிகரம் வரை வர முடியாவிட்டாலும் அவரை அழைத்து வரலாமா?

மருத்துவர் இசைவு தந்தால், ஏப்ரல் மாதத்தில் அழைத்துவாருங்கள். சாங்க்ரியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு, ஜூடா கா தாலாப் வரை நடந்து, இரவு தங்கித் திரும்புவதே அவருக்கு முழுமையான பயணமாக இருக்கும். அவர் விரும்பினால் மறுநாள் காலையில் முதல் புல்வெளி வரை மட்டும் கூட்டிச்செல்லுங்கள். புராண்ஸ் காடும் குளமும் ஸ்வர்கரோகிணியும் அதற்குள்ளேயே கிடைத்துவிடும். கையில் ஒரு கோல் கொடுங்கள், இறங்கும்போது முழங்காலுக்கு அது துணை. அம்மாவின் சேலை பருத்தியாக இருந்தால், நடைக்கு வேறு உடையை இப்போதே வாங்கிப் பழக்கிவிடுங்கள்.

கேள்வி (பெங்களூரு, கடைசியாக): நவம்பரில் மூன்றாம் முறை போகலாம் என்று நினைக்கிறேன். அந்த மாலையை எங்கே நின்று பார்ப்பது?

முகாமில் கூடாரங்கள் இருக்கும் இடத்தில் நிற்காதீர்கள். கிழக்கு திறந்திருக்கும் மேட்டை வழிகாட்டியிடம் பகலிலேயே கேட்டுப் பார்த்து வையுங்கள். நவம்பரில் ஐந்தரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஐந்து மணிக்கு முன்பே, எல்லா அடுக்கு உடைகளையும் அணிந்து, தலைவிளக்கையும் எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்காருங்கள். சூரியன் மறைந்ததும் எழுந்துவிட வேண்டாம். நம் இடம் இருண்ட பிறகும் உயரமான அந்த உச்சிகளில் ஒளி சில நிமிடங்கள் தங்கியிருக்கும்.