பூண்டு விழுதும் நல்லெண்ணெயும்

தம்பி, திருவாரூரிலிருந்து ஜெர்மனி வந்து ஒரு மாதம் ஆகிறது என்று எழுதி மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள்: வாடகை வீடு பிடிப்பது எப்படி, இட்லி மாவு ஏன் பொங்கவில்லை, பூண்டை அரைத்து நல்லெண்ணெய் ஊற்றி அலமாரியில் வைத்தால் எத்தனை நாள் தாங்கும். வீட்டு விஷயம் அலுவலகத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். மாவை, விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள் வையுங்கள். மூன்றாவதைப் படித்ததும்தான் பதறிவிட்டது. வந்த புதிதில் எல்லோருக்கும், எனக்கும்தான், தோன்றுகிற யோசனை அது.

செய்யாதீர்கள். பச்சைப் பூண்டின் மேல் எண்ணெய் நின்றால் காற்று உள்ளே போகாது. பூண்டில் புளிப்பும் கிடையாது. மண்ணிலிருந்து பூண்டோடு ஒட்டி வரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமிக்கு அதுவே வாகான இடம். நஞ்சு சேர்ந்தாலும் வாடை மாறாது, நிறம் மாறாது. 1985-இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்டு வைத்த பூண்டால் 36 பேர் பாட்டுலிசத்தில், அதாவது இந்தக் கிருமியின் நஞ்சு உடலை முடக்குகிற நோயில், விழுந்தார்கள். “ஊரில் செய்யாததா?” என்று பத்து வருஷம் இங்கே இருந்தவர்கள்கூடச் சொல்வார்கள். ஊரில் பூண்டு ஊறுகாய்க்குப் புளியோ எலுமிச்சைச் சாறோ சேரும், அடுப்பில் சுண்டும், உப்பும் தூக்கலாக விழும். கெடாமல் காப்பது அதெல்லாம்தான்.

விழுது கைவசம் இருக்க வேண்டுமென்றால் உப்பில் புளிக்க வையுங்கள். உரித்த பூண்டு 500 கிராம், உப்பு 15 கிராம், அதாவது நூற்றுக்கு மூன்று. மிக்ஸி சுற்றுவதற்கு 50 மில்லி தண்ணீர் விட்டால் அதையும் கணக்கில் சேர்த்து உப்பை 16.5 கிராமாக்குங்கள். தராசு வாங்கிக்கொள்ளுங்கள். வேதாரண்யத்துக் கல்லுப்பு ஒரு கரண்டியும் இங்கே விற்கும் பொடி உப்பு ஒரு கரண்டியும் ஒரே எடை வராது. உப்பு குறைந்தால் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். ரொம்பக் கூடினால் புளிப்பு ஏறாது.

அரைத்த பூண்டில் கிளம்பும் அல்லிசின் காரம், புளிக்க வைக்கும் பாக்டீரியாவையும் மந்தமாக்கும். அந்தப் பாக்டீரியாவுக்குத் துணையாகக் குளிர்ப்பெட்டியில் விற்கிற, சூடாக்காத சவர்க்ராட்டின் (புளித்த முட்டைக்கோஸின்) தண்ணீர் 2 மேசைக்கரண்டி சேருங்கள். டின்னில் வருவது சூடாக்கியது, அதில் உயிர் இருக்காது. சூட்கேஸ் நிறைய ஊறுகாய் கொண்டுவந்து, தீர்ந்ததும் புலம்புகிறவர்கள் எதிர்க்கடையில் இருக்கும் இந்தப் புளித்த முட்டைக்கோஸை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நம் மாவடுவுக்கு அது அண்ணன் தம்பி முறை.

750 மில்லி கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் மட்டும் நிரப்பி, காற்றுக் குமிழ் போக அழுத்தி, மூடியை இறுக்காமல் வையுங்கள். 20 முதல் 22 டிகிரி போதும். ஹீட்டர் மேல் வேண்டாம். இரண்டு மூன்று நாளில் கண்ணாடியோரம் ஊசித்துளை போலக் குமிழ்கள் தெரியும், விழுது மேலே எழும்பிக் கீழே தண்ணீர் பிரியும். தினமும் ஈரமில்லாத கரண்டியால் அழுத்திவிடுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் மாவடு ஜாடியைத் தினம் குலுக்கி வைப்பார்களே, அதே காரணம்: உப்புநீரில் நனையாமல் மேலே கிடப்பதில்தான் பூசணம் பிடிக்கும். விளக்கெண்ணெய் தடவிய வடு சுருங்கி, கடுகுப்பொடி நெடியோடு தண்ணீர் விட்டு நிற்கும் ஜாடியைத் திறந்தால் அந்த வாசனை கூடம் வரைக்கும் வரும்.

புளிப்பை அளக்கும் பிஹெச் தாள் கட்டாயம் வேண்டும். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 4.6-க்குக் கீழே அந்தப் பாட்டுலினம் கிருமி வளராது. ஒரு வாரத்தில் அதற்குக் கீழே இறங்காவிட்டால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். இறங்கினால் 4.2 வரும்வரை விட்டு, பிறகு மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். விழுது பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் பயப்பட வேண்டாம். பூண்டின் கந்தகச் சேர்மங்கள் செய்கிற வேலை அது, குளிரில் இருந்த பூண்டில் அதிகம் வரும். மேலே மெல்லிய வெள்ளை ஆடை படிந்தால் வழித்தெடுங்கள். பஞ்சு போல, கறுப்பாகவோ பச்சையாகவோ பூத்தால் ஜாடியோடு தூக்கி எறிய வேண்டியதுதான்.

பூண்டுக் குழம்புக்கு இதைப் போடும்போது புளியையும் உப்பையும் குறையுங்கள். தேங்காய்ப்பால் சேரும் குழம்பென்றால் முதலில் எண்ணெயில் நன்றாக வதக்கிவிடுங்கள். ஜாடி காலியாகும் முன் 2 கரண்டி எடுத்து வையுங்கள், அடுத்த விழுதுக்குச் சவர்க்ராட் தண்ணீர் தேட வேண்டியிருக்காது.