தறிக்கு பைதானா, சி-யா?

கேள்வி: வணக்கங்க. பல்லடம் பக்கம் எங்களுக்கு 24 தறி ஓடுதுங்க. தறிக்கு ஒரு சென்சார் மாட்டி எத்தனை பிக் (ஊடை நூல் ஒருக்கா குறுக்க போனா ஒரு பிக்) ஓடுச்சு, எப்ப நின்னுச்சுன்னு ஷெட்டுல கெடக்கற பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர்ல பதிவு பண்ற சர்வீஸ் எழுதறேன். பைதான் நல்லா வரும். ஆனா காலேஜ் சீனியர் "இதுக்கெல்லாம் சி தான், பைதான் இழுக்கும்"ங்கறார். என்ன பண்ணட்டுங்க?

பதில்: தம்பி, மொதல்ல கணக்கு போட்டுருவோம். தறி நிமிஷத்துக்கு 120 பிக்னு வைங்க, நொடிக்கு 2, பிக்குக்கு ஒரு பல்ஸ்னா (சென்சார் குடுக்கற சிக்னல்) 24 தறிக்கும் சேர்த்து நொடிக்கு 48 பல்ஸ். பழைய கம்ப்யூட்டர்லயும் பைதானுக்கு இது ஒரு வேலையே இல்லீங்க, அடுத்த பல்ஸ் எப்ப வரும்னு காத்துட்டுதான் கெடக்கும், சி-ல எழுதுனா மட்டும் தறி வேகமா ஓடீருமா?

ஆனா சென்சார் பக்கம் வேற கதை. அங்க ஆர்டுயினோ ஊனோ R3ங்கற சின்ன கன்ட்ரோலர் போர்டு வெக்கறீங்கன்னா அதுல ரேம் மொத்தமே 2 கேபி, பைதானுக்கு எடமே கெடையாது, சி++ல தான் எழுதோணும். பல்ஸ எண்ணி நொடிக்கொருக்கா கணக்க மட்டும் யூஎஸ்பில அனுப்பிட்டா போதும், சின்ன வேலை தான். (சென்சார் 24 வோல்ட்டுன்னா நேரா போர்டுல குத்தீராதீங்க, நடுவுல ஆப்டோகப்ளர் (கரண்ட் நேரா போகாம வெளிச்சத்துல சிக்னல கடத்தற சின்ன பார்ட்) போடுங்க, ஊனோ 5 வோல்ட்டுதான் தாங்கும்.)

நானும் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு இதே மாதிரி சர்வீஸ முழுசும் சி-ல எழுதுனவன் தானுங்க. எரர் வர்ற ஒரு வழியில மட்டும் வாங்குன மெமரிய ஃப்ரீ பண்ண மறந்துட்டேன், டெஸ்ட்ல ஒண்ணும் தெரியல, ஒம்பதாவது நாள் நைட் ஷிஃப்ட்டுல ரேம் நெறஞ்சு நின்னுருச்சு, வால்கிரைண்ட்ங்கற மெமரி தப்ப தேடற டூல போட்டு அந்த ஒத்த வரிய புடிக்கறதுக்குள்ள ரெண்டு நாள் போச்சு. பைதான்ல இத அதுவே பாத்துக்கும். ராத்திரி 2 மணிக்கு நின்னா எந்திரிச்சு சரி பண்ணப்போறது நீங்கதானே, உங்களுக்கு வர்ற மொழியிலயே இருக்கட்டும்.

சீனியர் சொல்றதும் சும்மா இல்லீங்க, கெர்னல் (லினக்ஸோட உள் மையம்), டிரைவர்னா சி தான், 2022ல வந்த லினக்ஸ் 6.1ல இருந்து ரஸ்டுங்கற இன்னொரு மொழியும் உள்ள வந்துருச்சு. ஆனா 2005ல வந்த Git-ங்கற, கோடுல பண்ற மாத்தங்கள பதிவு பண்ற சாஃப்ட்வேரையே பாருங்க, மொதல்ல உள்ள சி, மேல கமாண்டுக நெறைய ஷெல், பெர்ல்ங்கற மொழிகள்லதான் இருந்துச்சு, எல்லாரும் யூஸ் பண்ணிட்டு இருக்கறப்பவே ஒண்ணொண்ணா சி-க்கு மாத்துனாங்க.

பைதான்லயே முடிச்சு ஒரு வாரம் ஓட்டுங்க, டாப் கமாண்டுல சிபியுவும் ரேமும் பாத்து எழுதி வைங்க. ஏறிட்டே போச்சுன்னா அந்தக் கணக்கோட எனக்கு மறுபடி கேள்வி எழுதுங்க, எந்த எடத்த சி-க்கு மாத்தறதுன்னு உக்காந்து பாத்துருவோம்.