பதவியைக் கேட்டுப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

நான் பல ஆண்டுகளாக மனநல மருத்துவராக இருக்கிறேன். எங்கள் துறையின் சர்வதேச சங்கத்தில் சில குழுக்களில் வேலை செய்திருக்கிறேன். வரும் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நாடு நாடாக மின்னஞ்சல் அனுப்பி ஆதரவு கேட்பதை நினைத்தாலே உடம்பு குறுகுகிறது. பதவி நம்மைத் தேடி வர வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். அந்த நேரத்தில் இன்னும் நாலு நோயாளிகளைப் பார்க்கலாமே என்றும் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள டாக்டர்,

நில்லுங்கள். வெளிப்படையாகக் கேட்டு நில்லுங்கள்.

தேடி வரும் பதவி பெரும்பாலும் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தவரைத்தான் தேடிப் போகும். பெரிய சங்கம், பெரிய பல்கலைக்கழகம், மாநாட்டு மேடையில் பழகிய முகம். மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே உள்ள நாட்டிலிருந்து ஒருவரை யார் தேடிப் போகிறார்கள்? அதோடு, கேட்டு வருபவரிடம்தான் 'எதற்காகக் கேட்கிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்க முடியும். கேட்காமலே வந்து உட்கார்ந்தவர் யாருக்கும் வாக்குறுதி கொடுத்திருக்க மாட்டார்.

உங்கள் துறையின் வரலாறே இதற்குச் சாட்சி. சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்துப் பேசியவர்களுக்கு 'மந்தகதி மனச்சிதைவு' என்று நோய்ப்பெயர் சூட்டி மனநல மருத்துவமனைகளில் அடைத்தார்கள். அதற்கான ஆவணங்கள் 1971இலேயே மேற்குலக மருத்துவர்களின் கைக்கு வந்துவிட்டன. அந்த ஆண்டு மெக்சிகோ நகரில் கூடிய உலக மனநல மருத்துவ சங்கத்தின் மாநாடு அதை விவாதிக்காமலே கலைந்தது. அதே காலத்தில் கீவ் நகரில் செமியோன் குளுஸ்மன் என்ற இளம் மருத்துவர், அரசை எதிர்த்துப் பேசியதால் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்ட ஜெனரல் கிரிகொரென்கோவுக்கு மனநோய் இல்லை என்று அறிக்கை எழுதினார். எந்தப் பதவியும் இல்லாதவர். 1972இல் கைதானார், ஏழு ஆண்டு கட்டாய உழைப்பு முகாம், பிறகு மூன்று ஆண்டு நாட்டுக்குள்ளேயே தொலைதூர ஊரில் கட்டாய வாசம் என்று தண்டனை விதித்தார்கள். அவர் முகாமில் இருந்தபோதுதான், 1977இல், ஹொனலூலுவில் கூடிய அந்த உலகச் சங்கத்தின் பொதுப்பேரவை சோவியத் நடைமுறையைக் கண்டித்தது. 90 வாக்குகளுக்கு 88. இரண்டே வாக்கு வித்தியாசம். பிறகு 1983இல், வியன்னா மாநாட்டுக்கு முன்பாக, வெளியேற்றப்படுவோம் என்று தெரிந்து சோவியத் சங்கம் தானே விலகியது. நடந்த தவறை ஒப்புக்கொண்ட பிறகே 1989இல் ஏதென்ஸில் நிபந்தனையோடு திரும்பச் சேர்க்கப்பட்டது.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த ஆறு ஆண்டு மௌனத்தில் எத்தனை பேர் ஊசிக்கும் மாத்திரைக்கும் இரையானார்கள்! மெக்சிகோவில் மேடையில் இருந்தவர்களைக் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. சங்கம் உடைந்துவிடக் கூடாது என்று பயந்தார்கள். அப்படி ஒரு நாள் உங்கள் முன்னாலும் வரலாம். அன்று நீங்கள் என்ன செய்வீர்கள் என்று வாக்களிக்கும் சங்கங்களுக்கு இப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆதரவு கேட்டு எழுதும் கடிதத்தில் அதைச் சொல்லுங்கள். கூச்சம் அங்கே தானாகப் போய்விடும்.

நோயாளிகளைப் பற்றிக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. எகிப்தின் மகப்பேறு மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா, பின்னாளில் சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் தலைவரானவர். 1980களில், 'திருமதி எக்ஸ்' என்று பெயரிட்டு, பிரசவத்தில் இறந்த ஒரு பெண்ணின் கதையை அவர் மேடைகளில் சொன்னார். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் அமைந்ததால் இரத்தப்போக்கு. அதோடு மருத்துவக் காரணம் முடிந்தது. அவர் அங்கே நிறுத்தவில்லை. மருத்துவமனைக்கு ஏன் தாமதமாக வந்தாள், போதுமான இரத்தம் ஏன் இல்லை, ஏற்கெனவே ஏன் சோகை, இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றவளுக்குக் கருத்தடை ஏன் கிடைக்கவில்லை என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனார். பிரசவ அறையில் நின்றபடி கேட்டிருந்தால் அந்த அறையோடு போயிருக்கும். உலக மேடையில் கேட்டதால் அது வெளியே கேட்டது. தலைவர் பதவி தருவதும் அப்படி ஒரு மேடையைத்தான்.

ஆனாலும் நோயாளிகளை முழுக்க விட்டுவிடாதீர்கள். உங்கள் சங்கத்தில் அடுத்த தலைவராக மூன்று ஆண்டு, பிறகு தலைவராக மூன்று ஆண்டு. ஆறு ஆண்டு வார்டுக்குள் காலே வைக்காதவர் யாருக்காகப் பேசுவார்? வாரத்தில் ஒரு நாளாவது பாருங்கள்.

இன்னொன்று, இதில் நான் கறாராகவே சொல்வேன். பயணத்துக்கும் பிரசாரத்துக்கும் மருந்து நிறுவனத்தின் பணம் வேண்டாம். நாளை ஒரு மருந்தைப் பற்றிச் சங்கம் வாய் திறக்க வேண்டியிருக்கும். பணம் போதவில்லை என்றால் காணொளியில் பேசுங்கள். சின்னச் சங்கங்களுக்கும் அதுதான் வசதி.

வேட்புமனு அனுப்புமுன் உங்கள் நிலைப்பாட்டை ஒரே பக்கத்தில் எழுதி, உங்களோடு குழுக்களில் உழைக்கும் இளைய மருத்துவர்களிடம் கொடுங்கள். எதை நம்பவில்லை என்று அடிக்கோடிடச் சொல்லுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.