நெடுந்தூர விமானப் பயணத்தில் வீட்டு உணவு: அடுப்பை அணைத்த நேரத்திலிருந்து கணக்கிடுங்கள்

கேள்வி: எழுபது வயதை நெருங்கும் என் தாயாரை அழைத்துக்கொண்டு முதன்முறையாக வெளிநாடு செல்கிறேன். 15 மணி நேர விமானப் பயணம், இடையில் 3 மணி நேரக் காத்திருப்பு, அதன் பிறகு இன்னொரு விமானத்தில் 4 மணி நேரம். அவர் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். வெளி உணவு அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. வீட்டில் சமைத்த உணவை விமானத்துக்குள் எடுத்துச் செல்லலாமா? எத்தனை மணி நேரம் கெடாமல் இருக்கும்?

பதில்: எடுத்துச் செல்லலாம். திட உணவைக் கைப்பையில் கொண்டுபோகப் பெரும்பாலான விமான நிலையங்களில் தடை இல்லை. உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. பலரும் அதற்கான விடையை விமானம் புறப்படும் நேரத்திலிருந்து கணக்கிட்டுத் தவறு செய்கிறார்கள். உணவின் வயது அடுப்பை அணைத்ததுமே தொடங்கிவிடுகிறது. விமானம் பின்னிரவு 2 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். மாலை 7 மணிக்குச் சமையலை முடித்து, நிலையத்துக்கு வந்து, சோதனைகளைக் கடந்து, விமானம் கிளம்பி 2 மணி நேரம் கழித்துப் பெட்டியைத் திறந்தால், அந்த உணவு சமைக்கப்பட்டு அப்போதே 9 மணி நேரம் ஆகியிருக்கும். இறங்குவதற்குச் சற்று முன் உண்ணலாம் என்று ஒதுக்கி வைத்த பொட்டலத்துக்கு 21 மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டாவது விமானத்துக்கென்று எதையாவது மிச்சம் பிடித்திருந்தால் அது ஒரு முழு நாளைத் தாண்டியிருக்கும்.

சமைத்த உணவில் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில்தான். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்குக் காரணம் இதுவே. ஈரப்பதமுள்ள சாதம், வேகவைத்த காய்கறி, முட்டை, இறைச்சி, பால் சேர்ந்த பண்டங்கள் எல்லாமே இந்த விதிக்குள் அடங்கும். இவற்றில் சாதத்தைப் பற்றித் தனியாக எச்சரிக்க விரும்புகிறேன், ஏனென்றால் அதைத் தீங்கற்றது என்று நம்பித்தான் அதிகம் பேர் கட்டிக்கொண்டு போகிறார்கள். அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தப்பி, சாதம் ஆறியபின் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. வாசனையிலும் சுவையிலும் மாற்றம் தெரியாமலேயே உணவு கெட்டிருக்கலாம் என்பதால், முகர்ந்து பார்த்து முடிவு செய்வது பாதுகாப்பான வழி அன்று.

ஆகவே நான் பரிந்துரைக்கும் திட்டம் இது. ஈரமான வீட்டுச் சமையலை, கிளம்புவதற்குச் சற்று முன் வீட்டிலேயே வயிறார உண்டுவிடுங்கள். விமானத்துக்குள் உலர்ந்த உணவை மட்டும் கொண்டு செல்லுங்கள். நீர்ச்சத்து குறைந்த பண்டத்தில் நுண்ணுயிர்கள் பெருக வழியில்லை என்பதால் ரஸ்க், உப்பு பிஸ்கட், வறுத்த கொட்டைகள், நன்கு ஆறவைத்துச் சுற்றிய உலர் ரொட்டி ஆகியவையும், தோலே காப்பாக இருப்பதால் நறுக்காத முழுப் பழமும் உங்கள் பயணக் கணக்குக்குத் தாராளமாகத் தாங்கும். ரொட்டியை மூடுவதற்கு முன் முழுவதும் ஆறவிட வேண்டும், இல்லையென்றால் ஆவி நீராகி உள்ளேயே ஈரம் கோத்துவிடும். உலர்பழங்களில் சர்க்கரை செறிந்திருப்பதால் உங்கள் தாயாருக்கு ஓரிரு துண்டுகளுக்கு மேல் வேண்டாம். அருகில் கொட்டை ஒவ்வாமை உள்ள பயணி இருந்தால் கொட்டைகளைத் திறக்க வேண்டாம் என்று பணியாளர்கள் கேட்டுக்கொள்வதுண்டு, அதனால் அதை மட்டுமே நம்பியிருக்காதீர்கள்.

சூடாக ஏதாவது வேண்டும் என்றால் ஓட்ஸ் போன்ற உடனடிக் கலவையை மூடியுள்ள பெட்டியில் உலர்வாகவே எடுத்துச் சென்று, பணியாளர்களிடம் வெந்நீர் வாங்கிக் கலந்துகொள்ளலாம். பயணியின் சொந்த உணவைச் சூடாக்கித் தர அவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்வதில்லை. விமானம் குலுங்கும் நேரத்தில் வெந்நீரும் தரமாட்டார்கள், ஆகவே பசி முற்றும் வரை காத்திராமல் முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். தீயில்லாமல் தானே சூடேறும் உணவுப் பொட்டலங்களை விமானத்தில் ஏற்றக் கூடாது. இவற்றோடு, விமான நிறுவனத்தின் சிறப்பு உணவுப் பட்டியலில் சர்க்கரை நோயாளிகளுக்கான உணவையும் பதிவு செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் பெரும்பாலும் இருப்பதில்லை, ஆனால் புறப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பும், சில நிறுவனங்களில் அதற்கும் முன்பும் சொல்லியாக வேண்டும். அவர் அதை உண்ணாமல் போகலாம். ஆயினும் பயணம் தாமதமாகிக் கையிருப்பு தீர்ந்துபோனால் அதுதான் துணை.

பாதுகாப்புச் சோதனையில் சிக்கல் தருவது திரவமும் குழைவான பண்டமும். 2006-ஆம் ஆண்டு முதல் உலகின் பல பகுதிகளில் நடைமுறையில் உள்ள விதிப்படி, இவை ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மிகாத கலனில், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள தெளிவான பைக்குள் அடங்க வேண்டும். கணக்கில் எடுத்துக்கொள்வது கலனின் அளவைத்தான், உள்ளே மிஞ்சியிருப்பதை அன்று. சாய்த்தால் ஓடுவதும், தேய்த்தால் பரவுவதும் திரவம் என்று வைத்துக்கொண்டால் தவறாது. தயிர், தேன், ஜாம், குழம்பு, நிலக்கடலை வெண்ணெய் எல்லாம் இதில் சேரும். புதிய வகை ஸ்கேனர்கள் வந்துள்ள சில நிலையங்களில் இந்த விதி தளர்ந்திருக்கிறது. ஆனால் நீங்கள் இடையில் இறங்கும் நிலையத்தில் மறுபடி சோதிக்கப்பட்டால், அங்குள்ள விதிதான் செல்லும். பனிக்கட்டிப் பைகளை நம்பி ஈர உணவை எடுத்துச் செல்ல வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான், ஏனெனில் பாதி உருகியிருந்தால் அவற்றையும் திரவமாகக் கருதிப் பறிமுதல் செய்துவிடலாம். உணவு முழுவதையும் ஒரே தெளிவான பையில் வைத்துத் தட்டில் தனியாக எடுத்து வைத்தால், கைப்பையைக் கலைத்துப் பார்க்கும் தேவை குறையும்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போன்றது. அந்த உயரத்தில் குடலில் உள்ள வாயு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை விரிவடையும் என்பதால், பருப்பு வகைகள், முட்டைக்கோஸ், சோடா பானங்கள் ஆகியவற்றைப் பயணத்துக்கு முந்தைய வேளையிலிருந்தே குறைத்துக்கொள்வது நல்லது. இறுக மூடிய பெட்டிகளும் உப்பிக்கொள்ளும், ஆகவே அவற்றை மெதுவாகத் திறக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருப்பதால் வாய், மூக்கு, கண் வறளும். வெறும் புட்டியை எடுத்துச் சென்று, சோதனையைக் கடந்தபின் நிரப்பி, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு குவளை குடிக்கச் செய்யுங்கள். அதனால் கழிப்பறைக்கு எழுந்து நடக்க நேர்வதும் நன்மையே. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்வது கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. தனி ஒருவருக்கு அந்த வாய்ப்பு மிகச் சிறியதுதான், இருந்தாலும் உங்கள் தாயாருக்கு நடைபாதையை ஒட்டிய இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

மாத்திரை விஷயத்தில் மருத்துவரைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். சில வகை மாத்திரைகள், உணவு தாமதமானால் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும், வேறு சில அப்படிச் செய்வதில்லை. அவர் எடுத்துக்கொள்வது எது, நேர மண்டலம் மாறும்போது எந்த வேளையை எப்போது எடுக்க வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையை விழுங்கியபின் உணவு வருமா என்று காத்திராமல், உணவு கைக்கு வந்தபின் மாத்திரையைப் பற்றி யோசிக்கும் முறையே பயணத்துக்கு ஏற்றது. மருந்து, மருத்துவர் சீட்டு, சர்க்கரை அளக்கும் கருவி ஆகியவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். உடன் குளுக்கோஸ் மாத்திரைகளும் வேண்டும், அவை திடப்பொருள் என்பதால் சோதனையில் தடையில்லை. வியர்வையும் நடுக்கமும் வந்து, அளவு ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால், 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

இனி இறங்கும் இடம். பழம், விதை, இறைச்சி, பால் பொருட்கள் விஷயத்தில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகியவை மிகக் கண்டிப்பானவை. விமானத்தில் தந்த ஆப்பிளைக் கைப்பையில் மறந்து வைத்திருந்தாலும் அது அறிவிக்காத உணவுதான். நியூசிலாந்தில் இதற்கு 400 நியூசிலாந்து டாலர் உடனடி அபராதம் உண்டு. வருகைப் படிவத்தில் உணவு இருக்கிறதா என்ற கேள்விக்கு, ஒரு பிஸ்கட் பொட்டலம் இருந்தாலும் ஆம் என்றே குறியுங்கள். உண்மையை எழுதியவர் அதிகபட்சம் அந்தப் பண்டத்தை இழப்பார், அவ்வளவுதான். அமெரிக்காவுக்குள் பயணம் தொடர்கிறதென்றால், முதலில் தரையிறங்கும் நிலையத்திலேயே இந்தச் சோதனை முடிந்துவிடும். அப்படியானால் பழத்தையெல்லாம் முதல் விமானத்திலேயே தீர்த்துவிட்டு, அடுத்த 4 மணி நேரத்துக்கு ஆலையில் அடைத்த, உறை பிரிக்காத பிஸ்கட்டை வைத்துக்கொள்ளுங்கள்.